காத்திருக்கும் வீடுகளோடு ஒரு துணிக் கண்காட்சி: முதல் சந்திப்பு முதல் துணியைத் திருப்பிக் கொடுப்பது வரை

பிழைப்புக்கோ அடைக்கலம் தேடியோ ஊரைவிட்டுப் போனவர், நடுவழியில் தொடர்பு அறுந்து, இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் இருக்கிறார். அவருடைய வீட்டார் அவரிடம் சொல்ல நினைக்கும் ஒரு வரியைத் தங்கள் கையாலேயே துணியில் தைக்க, அந்தத் துணிகளை ஒரு கூடத்தில் மாட்டுகிறோம். இந்த வழிகாட்டி அந்த வேலைக்கானது. சேலத்திலோ ஏற்காட்டிலோ நாற்பது துணி அளவில் செய்வதாக வைத்துக் கணக்குகள் தரப்பட்டுள்ளன. நான்கு பேர் கொண்ட குழுவுக்கு நான்கு மாதம் பிடிக்கும். அதில் முதல் இரண்டு மாதம் ஊசியையே தொட மாட்டீர்கள்.

ஒரே ஒரு விதியை ஒவ்வொரு முடிவிலும் உரசிப் பாருங்கள்: இது அஞ்சலி அல்ல. துணியின் நிறம், படம் மாட்டும் திசை, திறப்பு விழா தேதி, ஃப்ளெக்ஸ் என்று எதில் கவனம் பிசகினாலும் நம் ஊர்க் கண்ணுக்கு அது கருமாதி வீடாகிவிடும். அப்படி ஆனால் ஒரு தாய் வாசலிலேயே திரும்பிப் போய்விடுவார், அடுத்த நாள் இன்னும் பத்து வீடுகள் விலகும்.

1. யார் காத்திருக்கிறார்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

சேலம் வட்டாரத்தில் இந்த வீடுகள் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. ஏஜெண்டிடம் பணம் கட்டி வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ போனவர்களின் வீடுகள் ஒரு வகை. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில், படகில் வந்தபோதோ இங்கிருந்து வேறு நாட்டுக்குப் படகேறியபோதோ பிரிந்தவர்களைத் தேடுவோர் இன்னொரு வகை. சங்ககிரி லாரிகளிலும் திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகளிலும் வடக்கே போய்த் திரும்பாதவர்கள் உண்டு. கல்வராயன் மலையிலிருந்து ஆந்திரக் காட்டுக்கு மரம் வெட்டக் கூட்டிப் போகப்பட்டவர்களும் உண்டு. எதிர்த்திசையில், ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் இங்கே வந்து வேலை செய்யும்போதே தன் தம்பி எந்த ஊரில் இறங்கினான் என்று தெரியாமல் தேடிக்கொண்டிருக்கும் அண்ணன்களும் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் இருக்கலாம். இவர்களை விட்டுவிடாதீர்கள்.

பிரிப்பதற்குக் காரணம், ஒவ்வொரு வகைக்கும் ஆபத்து வேறு. வளைகுடா வீட்டுக்கு ஏஜெண்டின் மிரட்டல். முகாம் வீட்டுக்குப் பதிவேடும் விசாரணையும். மரம் வெட்டப் போனவர் வீட்டுக்கு வழக்கு பயம். 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை அந்த மலைகளில் யாரும் மறக்கவில்லை. 2018 பிப்ரவரியில் ஆந்திராவின் ஒண்டிமிட்டா ஏரியில் எடுக்கப்பட்ட ஐந்து உடல்கள் சேலம் மாவட்டத்துக் கருமந்துறைப் பக்கத்தவர்களுடையவை. இந்த வீடுகளில் ஊர்ப் பெயரைக்கூடத் துணியில் போட வேண்டாம்.

நோட்டில் வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அதில் வகை, ஆபத்து, வெளியே போகக்கூடாத தகவல் என்று மூன்று வரி மட்டும் எழுதுங்கள். முழு விவரத்தை எழுதி வைத்தால் அந்த நோட்டே ஒரு ஆபத்து.

2. ஹால் பிடிக்கும் முன் ஆள் பிடியுங்கள்

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஹாலை புக் செய்து, தேதி அறிவித்துவிட்டுக் குடும்பங்களைத் தேடக் கிளம்புகிறார்கள். தேதி நெருங்க நெருங்க அவர்கள் கேட்கும் கேள்விகள் அவசரமாகின்றன. அவசரமாகக் கேட்கும் ஆளிடம் எந்த வீடும் வாய் திறக்காது.

முதலில் வேண்டியவர்கள் நான்கு பேர். அந்தத் தெருவிலோ முகாமிலோ ஏற்கெனவே நம்பிக்கை பெற்ற ஒருவர்: மகளிர் குழுத் தலைவி, தறிப் பட்டறைக்காரர், அங்கன்வாடிப் பணியாளர் என யாராகவும் இருக்கலாம். அடுத்து, தையல் சொல்லித் தரத் தெரிந்த ஒருவர். மூன்றாவது, மனநல ஆலோசகர். கிடைக்காவிட்டால், அரசின் கட்டணமில்லாத மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐ அழைத்துத் தமிழில் பேச முடிகிறதா என்று நீங்களே முன்கூட்டிச் சரிபார்த்து, அதைக் கையில் வைத்திருங்கள். நான்காவது, ஒரு வழக்கறிஞர். அவர் ஏன் வேண்டும் என்பது நான்காம் பகுதியில் வருகிறது.

முகாமுக்குள் போவதாக இருந்தால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி கேட்டு, அது கைக்கு வந்த பிறகு போங்கள். அனுமதியில்லாமல் நீங்கள் போனால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் அல்ல, உங்களை உள்ளே விட்ட குடும்பம்.

3. முதல் மூன்று சந்திப்புகள்

முதல் சந்திப்புக்கு கேமராவும் வேண்டாம், ரெக்கார்டரும் வேண்டாம். என்ன செய்யப்போகிறோம், எதைச் செய்ய மாட்டோம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். இந்த முயற்சியால் ஆள் கிடைத்துவிடுவார் என்று தப்பித் தவறியும் நம்பிக்கை தராதீர்கள். "படம் போட்டா யாராச்சும் பாத்துச் சொல்லுவாங்கல்ல?" என்று நிச்சயம் கேட்பார்கள். "சொல்ல முடியாதும்மா, இது தேடுற வேலை இல்ல, தேடுறதுக்கு வேற இடம் இருக்கு, அத எழுதித் தரேன்" என்பதுதான் பதில். அந்த இடங்களை ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுங்கள்: உள்ளூர்க் காவல் நிலையத்தில் காணவில்லை புகார், வெளிநாடு போனவருக்கு வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) புகார் இணையதளம், தமிழ்நாட்டின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை ஆணையரகம், செஞ்சிலுவைச் சங்கத்தின் குடும்பத் தொடர்பு மீட்புப் பணி. பல வீடுகள் எஃப்ஐஆர்கூடப் போடாமல் இருக்கும். அதற்குத் துணைக்குப் போக நேரம் ஒதுக்குங்கள், துணி அப்புறம்.

இரண்டாவது சந்திப்பில் வீட்டார் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். அம்மா விரதம் இருப்பார். அண்ணன் சொத்து பிரிக்க அவசரப்படுவார். மனைவி பிறந்த வீட்டுக்குப் போய் வருஷங்கள் ஆகியிருக்கும். எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும்போது குரல் பெரியவருடைய வரிதான் துணியில் ஏறும். குறிப்பாக மனைவியை மாமியார் எதிரில் கேட்காதீர்கள். பொட்டு வைப்பதா, பூ வைப்பதா, விசேஷத்துக்கு யார் கூப்பிடுவார்கள் என்ற தினப்படிச் சிக்கல் முழுவதும் அவர் தலையில்தான் இருக்கிறது. தேவைப்பட்டால் ஒரே ஆளுக்கு இரண்டு துணி: ஒன்று அம்மாவுடையது, ஒன்று மனைவியுடையது. இரண்டும் முரண்பட்டால் முரண்படட்டும்.

மூன்றாவது சந்திப்பு "வேண்டாம்" என்று சொல்வதற்கான வாய்ப்பு. நீங்களாகவே போய், "இப்ப வேணாம்னு தோணுச்சுன்னா நிறுத்திக்கலாம்" என்று கேளுங்கள். பத்து வீட்டில் ஒன்றிரண்டு விலகுவது இயல்பு. ஒருவருமே விலகவில்லை என்றால், உங்கள் பேச்சில் மறுக்க இடமே இல்லாமல் போயிருக்கிறது என்று பொருள்.

நேரம் பார்த்துப் போங்கள். சேலத்தின் அம்மாபேட்டை, குகை பகுதிகளில் தறி ஓடும் நேரத்தில் போனால் கூலியைக் கெடுக்கிறீர்கள். ஏற்காட்டு எஸ்டேட் லைன் வீடுகளில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை காப்பிப் பழம் பறிக்கும் காலம். அப்போது தையல் வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

4. ஒப்புதல் தாள்

ஒரு பக்கம், பெரிய எழுத்து, தமிழ். தெலுங்கோ கன்னடமோ இந்தியோ பேசும் வீட்டில் அந்த மொழியில். படித்துக் காட்டி, அதை வீட்டில் ஒரு வாரம் வைத்துவிட்டு, பிறகு கையெழுத்து. தாளில் ஐந்து கேள்விகளுக்கு ஆம், இல்லை என்று தனித்தனியாகக் குறிக்க இடம் விடுங்கள்: துணி மாட்டலாமா, பெயர் வரலாமா, துணியைப் படம் எடுக்கலாமா, இணையத்தில் போடலாமா, சேலத்துக்கு வெளியே கொண்டு போகலாமா. ஒரே கையெழுத்தில் ஐந்தையும் அடக்குவது பெரும் தவறு. துணி மாட்டச் சம்மதித்தவர் அது வாட்ஸ்அப்பில் சுற்றச் சம்மதித்தவர் அல்ல.

துணி குடும்பத்துக்கே சொந்தம், எப்போது கேட்டாலும் காரணம் கேட்காமல் கழற்றித் தரப்படும் என்ற வரி கட்டாயம். துணி விற்பனைக்கு இல்லை என்பதும் அப்படியே.

இங்கேதான் வழக்கறிஞர். ஏழு ஆண்டுகளாக, இயல்பாகத் தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே ஒருவரைப் பற்றித் தகவல் இல்லையென்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதிநியத்தின் 111-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. காப்பீடு, பட்டா, வாரிசுச் சான்று என்று வழக்கு நடக்கும் வீடுகளில் இந்த ஏழு ஆண்டுக் கணக்கு முக்கியம். "2019 தீபாவளிக்குப் பேசினான்" என்று துணியில் தைத்துப் பொது இடத்தில் மாட்டினால், நாளை எதிர்த்தரப்பு அதைப் படம் எடுத்துக் காட்டலாம். எனவே தேதி வரும் ஒவ்வொரு வரியையும் தைப்பதற்கு முன் வழக்கறிஞர் பார்க்கட்டும்.

5. வரியை எடுப்பது

காணாமல் போனவரைப் பற்றிக் கேட்டால் வாழ்க்கை வரலாறு வரும். அவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று கேளுங்கள், வரி வரும். "உன் சைக்கிள தம்பி ஓட்டுறான்", "வீடு மாத்திட்டோம், பழைய வீட்டுக்குப் போயிடாத", "கடன் முடிஞ்சிருச்சு, வந்துரு" என்ற மாதிரி. வீட்டு நிலவரம் சொல்லும் வரிகள் கண்ணீர் வரிகளைவிட நீண்ட நாள் தாங்கும். பத்துத் துணி அடுத்தடுத்து "எங்கே இருக்கிறாய்" என்று கேட்டால் பதினோராவதைப் பார்ப்பவர் படிக்க மாட்டார்.

அவர்கள் சொன்னபடியே தையுங்கள். "வந்துரு" என்பதை "வந்துவிடு" என்று திருத்தினால் அது அவர்கள் குரல் அல்ல. எழுத்துப் பிழையையும் அவர்களைக் கேட்காமல் திருத்த வேண்டாம்.

பெயருக்கு வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரே நல்லது. உறவினருக்கு உடனே தெரியும், வெளியாளுக்குத் தெரியாது. பாஸ்போர்ட் எண், ஏஜெண்ட் பெயர், முதலாளி பெயர், குடும்பத்தின் போன் எண் எதுவும் துணியில் கூடாது. போன் எண் வெளியே தெரிந்தால் "உங்க பையன் எங்கிட்ட இருக்கான், பணம் அனுப்பு" என்று அழைக்கும் மோசடிக் கும்பல்களுக்கு வழி திறந்துவிடுகிறீர்கள்.

விளக்க அட்டையில் "மறைந்த", "நினைவாக", "கடைசியாக" மூன்றும் தடை. "கடைசியாகப் பேசியது 2016" என்பதற்குப் பதில் "2016-இல் போன் வந்தது" போதும். வீட்டார் நிகழ்காலத்தில் பேசினால் அட்டையும் நிகழ்காலத்திலேயே இருக்கட்டும்.

6. துணியும் நூலும்

மெக்சிகோவில் 2011 முதல் பொதுச் சதுக்கங்களில் வெள்ளைக் கைக்குட்டைகளில் பெயர்களைத் தைக்கிறார்கள். கொல்லப்பட்டவருக்குச் சிவப்பு நூல், காணாமல் போனவருக்குப் பச்சை நூல் என்று ஒரு வழக்கம் அங்கே உண்டானது. இணையத்தில் அதைப் பார்த்துவிட்டு வருபவர்கள் முதலில் கேட்பது வெள்ளைத் துணிதான். இங்கே அது நடக்காது. கணவன் வருவான் என்று காத்திருக்கும் பெண் கையில் வெள்ளைத் துணியைக் கொடுப்பது எதைச் சொல்கிறது என்று விளக்கத் தேவையில்லை. அதேபோல் அங்கே தேடி நடந்து தேய்ந்த காலணிகளின் அடிப்பகுதியில் செய்தி செதுக்கி, பச்சை மையில் அச்செடுத்து மாட்டினார்கள். நம் ஊரில் செருப்பைக் கண்மட்டத்தில் பெயரோடு தொங்கவிட்டால் வீட்டார் அதை அவமானமாகவே எடுப்பார்கள். சேலம் வெள்ளிக் கொலுசுக்குப் பெயர் போனது என்பதால், கொலுசைத் தொங்கவிட்டால் சேலம் வந்துவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. விட்டுவிடுங்கள், அது சுற்றுலா விளம்பரம்.

எடுக்க வேண்டியது வெளுக்காத காடா துணி. இளமஞ்சள் கலந்த பழுப்பு. வெள்ளைத் துணி போல் சடங்கை நினைவூட்டாது, எந்த நூலும் அதில் எடுபடும். நடுத்தர கனம் போதும். மெல்லியதில் முடிச்சு பின்னாலிருந்து தெரியும், கனமானதில் வயதானவர் கையில் ஊசி இறங்காது. வீட்டார் விரும்பினால் காணாமல் போனவரின் பழைய லுங்கி, சட்டையிலிருந்து ஒரு துண்டை மேலே ஒட்டுப்போடலாம். முழுச் சட்டையையும் வெட்டக் கொடுத்தால் வாங்காதீர்கள்; ஓரத்தில் ஒரு சாண் போதும் என்று சொல்லுங்கள். வாசனைக்காகவே அதைத் துவைக்காமல் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். எனவே துவைக்கும் முன் கேளுங்கள்.

அளவுக் கணக்கு: தைத்து முடித்த துணி 45 செ.மீ. சதுரம். வெட்டும் அளவு அகலம் 50, உயரம் 55 செ.மீ. பக்கங்களிலும் கீழும் 2.5 செ.மீ. மடிப்புக்கு, மேலே 7.5 செ.மீ. கம்பி நுழையும் பைமடிப்புக்கு. 48 அங்குல அகலத் துணியில் குறுக்கே இரண்டு துண்டு வரும். நாற்பது துண்டுக்கு 20 வரிசை, 11 மீட்டர். கெட்டுப்போவதற்கு ஆறு துண்டு கூடுதல். காடா முதல் துவைப்பில் 5 முதல் 8 சதவீதம் சுருங்கும். ஆக 14 மீட்டர் வாங்குங்கள்.

வெட்டும் முன் துவைப்பது கட்டாயம். இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் வெந்நீரில் சோப்பு போட்டு இரண்டு முறை அலசுங்கள். பாவுக் கஞ்சி போனால்தான் ஊசி வழுக்கி இறங்கும். தைத்த பிறகு துவைத்தால் துணி சுருங்கி எழுத்துகள் பொங்கி நிற்கும், அதைத் திருத்த வழியில்லை.

நூல் ஆறு இழை எம்ப்ராய்டரி பருத்தி நூல். 8 மீட்டர் கண்டு. மூன்று இழையாகப் பிரித்துத் தைத்தால் ஒரு கண்டுக்கு 16 மீட்டர், ஒரு துணிக்குப் போதும். நிறத்தை வீட்டார் தேர்ந்தெடுக்கட்டும். அடர் சிவப்பும் நீலமும் சாயம் விடும். நனைத்த வெள்ளைத் துணிக்கு நடுவே நூலை வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பாருங்கள், கறை பட்டால் வேறு கண்டு எடுங்கள். மஞ்சளில் சாயமேற்றலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வெயில் பட்டால் மஞ்சள் சில நாளில் வெளுக்கும், சோப்பு பட்டால் சிவக்கும்.

ஊசி 7 அல்லது 8 எண். எம்ப்ராய்டரி ரிங் 15 முதல் 20 செ.மீ. வேலை முடிந்ததும் ரிங்கைக் கழற்றிவிடுங்கள். வாரக் கணக்கில் விட்டால் வட்டத் தடம் போகாது.

7. எழுத்தைப் பதிப்பதும் தைப்பதும்

நாலா பக்கமும் 4 செ.மீ. விட்டு, துணியின் மேல் மூன்றில் இரண்டு பங்கில் மட்டும் எழுதுங்கள். கீழ்ப் பங்கு வெறுமையாக இருக்க வேண்டும். அது அழகுக்கு அல்ல: போன் வரலாம், ஆள் வரலாம், வேறு செய்தியும் வரலாம், அன்று தைக்க இடம் வேண்டும். எழுத்து உயரம் 3 செ.மீ. வைத்தால் ஒரு வரிக்கு பத்து, பதினோரு எழுத்து; நான்கு வரி. அதாவது ஏறக்குறைய 40 எழுத்து. வரி நீளமாக இருந்தால் எழுத்தைச் சிறிதாக்காதீர்கள், வீட்டாரோடு உட்கார்ந்து வரியைச் சுருக்குங்கள். 2.5 செ.மீ.க்குக் கீழே போனால் ண, ஐ, இ போன்ற சுழி எழுத்துகள் தையலில் அடைந்து கட்டியாகிவிடும்.

வீட்டார் கையால் தாளில் எழுதியதைப் பெரிதாக நகலெடுத்து, தையல் சாமான் கடையில் கிடைக்கும் மஞ்சள் அல்லது வெளிர் நீல டிரேசிங் கார்பன் வைத்துப் பதியுங்கள். ஆபீஸ் கார்பனும் பால்பாயிண்ட் பேனாவும் நூலில் ஏறி அழுக்காகும். எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல அவர் வீட்டுப் பிள்ளை எழுதட்டும். கம்ப்யூட்டர் எழுத்துரு கடைசி வழி.

எழுத்துகளைத் தைக்க 'பின் தையல்' (back stitch) அல்லது 'காம்புத் தையல்' (stem stitch). ஒவ்வொரு தையலும் 3 மி.மீ.; சுழிகளில் 2 மி.மீ. நேர்க்கோட்டு நீளத்தில் தைத்தால் வளைவு முக்கோணமாகும். சங்கிலித் தையல் பார்க்க நன்றாக இருந்தாலும் கோடு தடித்து சுழி மூடிப்போகும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு முடிச்சுத் தையல், ஊசியில் இரண்டு சுற்று. புள்ளி மறந்துபோவதுதான் எல்லா அமர்விலும் நடக்கும் தவறு. தைத்து முடித்ததும் மூலத் தாளோடு வைத்துப் புள்ளிகளை மட்டும் தனியாக ஒருமுறை எண்ணுங்கள்.

புதியவர் கைக்கு ஓர் எழுத்து எட்டு முதல் பத்து நிமிடம். 40 எழுத்துக்கு ஆறு மணி நேரம் என்று வையுங்கள். இரண்டு மணி நேரம் வீதம் மூன்று ஞாயிறு. ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். கைவலி ஒருபுறம், மனம் தாங்காது என்பது மறுபுறம். ஒரு அமர்வுக்கு எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். பஸ் காசும் சாப்பாடும் உங்கள் செலவு. சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தனியாக வேண்டும்.

அமர்வில் யாராவது அழுதால் கூட்டமாகச் சூழாதீர்கள். பக்கத்தில் தைப்பவர் பொதுவாக அவரே கவனித்துக்கொள்வார். எப்போது எழுந்து அருகில் போக வேண்டும் என்பதை ஆலோசகரே தீர்மானிக்கட்டும். பார்வை மங்கிய பாட்டியால் ஓர் எழுத்துதான் முடியும் என்றால் அந்த ஓர் எழுத்தை அவர் தைத்து, மீதியைப் பேத்தி தைக்கலாம். கோணலாக இருக்கிறது என்று நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துத் தைத்தால் அது உங்கள் துணியாகிவிடும்.

முடிக்காமல் நிறுத்த விரும்புபவரை வற்புறுத்த வேண்டாம். நூலை 20 செ.மீ. தொங்கவிட்டு அப்படியே மாட்டலாம். ஊசியை மட்டும் எடுத்துவிடுங்கள். துருப்பிடித்தால் துணியில் கறை ஏறும், ஏற்காட்டு ஈரத்தில் வெகு சீக்கிரம்.

8. புகைப்படம்

முடிந்தவரை துணியில் முகம் வேண்டாம். செஞ்சிலுவைச் சங்கங்கள் 2013-இல் ஐரோப்பாவில் தொடங்கிய 'ட்ரேஸ் தி ஃபேஸ்' பணியில், தேடப்படுபவரின் படத்தை அல்ல, தேடுபவரின் படத்தையே வெளியிடுகிறார்கள். "என் தம்பியைத் தேடுகிறேன்" என்று. போனவர் ஒளிந்து வாழ்கிறாரோ என்னவோ, நம் படம் அவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. அதே முறை இங்கும் பொருந்தும்.

படம் இருந்தே ஆக வேண்டும் என்று வீட்டார் சொன்னால் மேசைமேல் ஒரு சிறு ஆல்பத்தில் வையுங்கள். மூலப் படத்தை அவர்கள் வீட்டிலேயே 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து அங்கேயே திருப்பிக் கொடுங்கள். இருக்கும் ஒரே பாஸ்போர்ட் அளவுப் படத்தை "நாளைக்குத் தரேன்" என்று வாங்கி வராதீர்கள்.

9. மாட்டுவது

இடம், வயதானவர் ஒரே பஸ்ஸில் வந்து சேரக்கூடியதாக இருக்க வேண்டும். பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கும் தூரம் சரி. ஏற்காட்டில் செய்வதானால் மே மாதக் கோடை விழாவை ஒட்டி வைக்காதீர்கள். கூட்டம் வரும், வந்த கூட்டம் துணிக்கு முன்னால் செல்ஃபி எடுக்கும்.

சுவரில் ஆணி அடிக்க வேண்டாம். கூடத்தின் குறுக்கே 19 மி.மீ. குழாய்களைத் தொங்கவிட்டு, துணியை அதில் கோத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் தெரியும்; பின்பக்க முடிச்சுகளும் பார்க்க வேண்டியவைதான். துணியின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. வரிசைக்கு நடுவே 120 செ.மீ. விட்டால் சக்கர நாற்காலி போகும். ஃபேன் காற்று நேரடியாகப் படாமல் பாருங்கள்.

தெற்குச் சுவரை ஒட்டி எதையும் மாட்டாதீர்கள். பல வீடுகளில் அது தவறியவர் படம் மாட்டும் இடம். உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா என்பது இங்கே கேள்வியே இல்லை, பார்க்க வருபவருக்கு இருக்கிறது.

துணிக்கு 50 லக்ஸ் வெளிச்சம் போதும். மொபைல் செயலியில் தோராயமாக அளக்கலாம். ஜன்னல் வெயில் நேரடியாகப் பட்டால் திரை போடுங்கள். ஏற்காட்டில் பனிமூட்டம் உள்ளே வரும் நாட்களில் ஜன்னலை மூடி, மாலையில் துணிகளைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று ஈரமாக இருந்தால் காற்றோட்டமான உலர்ந்த அறையில் விரித்து வைக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

குறைந்தது பன்னிரண்டு நாற்காலி போடுங்கள். இந்த மாதிரிக் கண்காட்சியை நின்றுகொண்டே பார்த்து முடிக்க முடியாது.

10. திறப்பு நாள்

தேதி குறிக்கும் முன் காலண்டரில் அமாவாசையைப் பாருங்கள். ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகள் முன்னோருக்குத் திதி கொடுக்கும் நாட்கள். அவற்றின் முன்பின் மூன்று நாளும் வேண்டாம். ஆகஸ்ட் 30 காணாமல் ஆக்கப்பட்டோருக்கான உலக நாள் என்பதால் பலர் அதைக் கேட்பார்கள். பொருத்தமான தேதிதான், ஆனால் அந்த நாள் வலுக்கட்டாயமாகக் காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கானது என்பதை அழைப்பிதழில் குழப்பாதீர்கள்.

குத்துவிளக்கு, மலர் தூவல், ஒரு நிமிட மௌனம் மூன்றும் வேண்டாம். சிறப்பு விருந்தினர் பழக்கதோஷத்தில் "அனைவரும் எழுந்து நின்று" என்று தொடங்கிவிடுவார். முந்தின நாளே போய்ச் சொல்லிவிட்டு, மேடையில் கையில் ஒரு தாளும் கொடுங்கள். வாசலில் ஃப்ளெக்ஸில் முகம் போடாதீர்கள். நம் தெருக்களில் ஃப்ளெக்ஸில் ஒரு முகம் தெரிந்தால் ஒன்று காதுகுத்து, இல்லையென்றால் கண்ணீர் அஞ்சலி. எழுத்து மட்டும் போதும்.

பொதுத் திறப்புக்கு முந்தின மாலை குடும்பங்கள் மட்டும் பார்க்கட்டும். அன்று ஒருவர் தன் துணியைக் கழற்றச் சொன்னால் அங்கேயே கழற்றுங்கள்.

11. நடக்கும் நாட்களில்

குடும்பத்தினரைத் தங்கள் துணிக்குப் பக்கத்தில் நிறுத்தி வைக்கக் கூடாது. டிவிக்காரர்கள் "அம்மா ஒருதடவ படிச்சுக் காட்டுங்க" என்று மைக்கை நீட்டுவார்கள். பேட்டி தர ஒப்புக்கொண்டவர் பட்டியல் வாசலில் இருக்கட்டும். பட்டியலில் இல்லாதவரிடம் மைக் போகாது.

தொண்டர்களுக்கு இரண்டு பதில்களைப் பழக்குங்கள். "இன்னுமா உயிரோட இருப்பாங்கன்னு நெனைக்கிறாங்க?" என்று பார்வையாளர் கேட்டால்: "தெரியாதுங்க, அவங்களுக்கும் தெரியாது." "எனக்கு இந்த ஆளத் தெரியும்" என்று யாராவது சொன்னால்: அங்கேயே குடும்பத்துக்குப் போன் போடக் கூடாது. சொன்னவர் பெயர், எண், சொன்ன தகவல் மூன்றையும் எழுதி வாங்கி, குழுவில் பொறுப்பான ஒருவர் சரிபார்த்த பிறகு, நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அரைகுறைத் தகவல் ஒரு வீட்டை ஆறு மாதம் தூங்கவிடாது.

வருகைப் பதிவேட்டை தினமும் மாலையில் படியுங்கள். "ஆன்மா சாந்தியடைய" என்று யாராவது எழுதியிருப்பார்கள். அந்தப் பக்கத்தை அடுத்த நாள் வீட்டார் பார்க்கும் முன் எடுத்துவிடுங்கள்.

12. முடிந்த பிறகு

துணிகளை மடிக்காமல் காகிதக் குழாயில் சுற்றி, நடுவில் வெள்ளைக் காகிதம் வைத்து, இரண்டு வாரத்துக்குள் வீடு வீடாகத் திருப்பிக் கொடுங்கள். பூச்சிக்கு, காய்ந்த வேப்பிலையைத் துணிப்பையில் கட்டி உடன் வையுங்கள். அந்துருண்டை நூலில் படக் கூடாது. அடுத்த ஊருக்குக் கொண்டு போவதாக இருந்தால் புதிதாக ஒப்புதல் வாங்க வேண்டும். பழைய கையெழுத்து செல்லாது.

நடுவில் செய்தி வந்தால் என்ன செய்வது என்று முதலிலேயே எழுதி வையுங்கள். ஆள் வந்துவிட்டால் துணி அன்றே கீழிறங்கும். வந்தவரைக் கேட்காமல் கொண்டாட்டப் படம் கிடையாது. சாவுச் செய்தி வந்தால் துணியை வீட்டாரிடம் ஒப்படையுங்கள். கீழே ஒரு வரி சேர்ப்பதா, எடுத்து வைப்பதா என்பது காரியம் முடிந்த பிறகு அவர்கள் சொல்லட்டும். நீங்களாகக் கேட்க வேண்டாம்.

நோட்டீஸில் அச்சிட்ட குழுவின் போன் எண்ணைக் கண்காட்சி முடிந்தும் குறைந்தது ஓராண்டு உயிரோடு வையுங்கள். நோட்டீஸ் எங்கெங்கோ போயிருக்கும், அழைப்பு மாதங்கள் கழித்து வரும். சிம் யார் கையில், ரீசார்ஜ் யார் பொறுப்பு என்பதைக் கடைசிக் கூட்டத்தில் பெயரோடு எழுதிக்கொள்ளுங்கள்.